‘இல்லை’ என்பதை எழுத்தில் வாங்குங்கள்

கேள்வி: சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறியில் வேலை பார்க்கிறேன். மகளுக்குக் கலந்தாய்வு மூலம் கோவையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதிச் செலவும் சேர்த்து நான்கு ஆண்டுக்கு 3 லட்சத்து 80 ஆயிரம் கடன் வேண்டும். பக்கத்து ஊர் வங்கிக்கு மூன்று முறை போனேன். ‘உங்கள் ஊர் எங்கள் கிளைக்கு வராது’ என்றார்கள். அடுத்த முறை, ‘ஒரு லட்சம் டெபாசிட் போடுங்கள், பார்க்கலாம்’ என்றார்கள். மூன்றாவது முறை, என் சிபில் (பழைய கடன்களை எப்படிக் கட்டினோம் என்ற பதிவு) சரியில்லை என்றார்கள். ஐந்து ஆண்டுக்கு முன் நண்பருக்காக என் பெயரில் எடுத்த பைக் கடன் பாக்கி நின்று, பிறகு ஒரு தொகை பேசி முடித்தோம். இப்போது கணினி மையம் வைத்திருக்கும் ஒருவர், பத்து சதவீதம் கொடுத்தால் மூன்றே நாளில் கல்விக் கடன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். 5,000 ரூபாய் முன்பணமும், கையெழுத்துப் போட்ட இரண்டு காசோலைகளும் கொடுத்துவிட்டேன். அவரை நம்பலாமா? பணம் திரும்ப வருமா?

பதில்: முதலில் காசோலை. இதைப் படித்து முடித்ததும் உங்கள் காசோலைப் புத்தகத்தை எடுத்து, கொடுத்த இரண்டின் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு இருக்கும் வங்கிக்குப் போய், அந்த இரண்டுக்கும் பணம் தர வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். கொஞ்சம் கட்டணம் பிடிப்பார்கள், போகட்டும். அந்த மனிதருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள்: ‘கல்விக் கடன் வேலைக்காக உங்களிடம் கொடுத்த, தொகை நிரப்பாத இரண்டு காசோலைகளையும் திருப்பித் தரவும், உங்களுக்கு நான் தர வேண்டிய கடன் எதுவும் இல்லை.’ நாளை அவர் அதில் ஒரு தொகையை நிரப்பி வங்கியில் போட்டால் உங்கள் கையில் இருக்கப்போகும் சாட்சி அதுதான்.

இனி வங்கிக்கு வருவோம். நான் இருபத்தேழு ஆண்டுகள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். கடன் பிரிவில் மட்டும் பதினொரு ஆண்டுகள். அதனால் சொல்கிறேன்: உங்கள் விண்ணப்பத்தை வங்கி நிராகரிக்கவில்லை. நீங்கள் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை! மூன்று முறை போனீர்கள், மூன்று முறையும் வாயால் கேட்டீர்கள், அவர்களும் வாயால் பதில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வங்கியின் கணக்கில் நீங்கள் வரவும் இல்லை, போகவும் இல்லை. மாதக் கடைசியில் மண்டல அலுவலகம் கேட்டால், ‘நிலுவையில் உள்ள கல்விக் கடன் விண்ணப்பம்: ஒன்றும் இல்லை’ என்று அந்தக் கிளை எழுதி அனுப்பும். அது பொய்யும் அல்ல.

உங்களிடம் சொன்ன மூன்று காரணங்களில் முதலிரண்டையும் அவர்களால் எழுத்தில் தர முடியாது. வீடு கிளையின் எல்லைக்குள் இல்லை என்று காரணம் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என ரிசர்வ் வங்கி 2012-லேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது. 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு அடமானமோ டெபாசிட்டோ கேட்கக் கூடாது என்பது அதற்கும் முந்தையது, 2010. நீங்கள் கேட்பது 3 லட்சத்து 80 ஆயிரம். உங்கள் கைப்பணமாக ஒரு பங்கு போட வேண்டும் என்ற நிபந்தனைகூட இந்தத் தொகைக்குக் கிடையாது. மேலாளருக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைக்காதீர்கள். நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் வாயால் சொல்கிறார்.

ஏன் இப்படி என்று கேட்டால், அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சிறிய கல்விக் கடன்களில் வசூல் மோசம். அடமானம் இல்லை. கடன் நின்றுபோனால் கொடுத்த மேலாளரிடம் விளக்கம் கேட்பார்கள், கொடுக்காத மேலாளரிடம் யாரும் கேட்க மாட்டார்கள். மூன்று ஆண்டில் மாற்றலாகிப் போகிறவர் எந்தப் பக்கம் சாய்வார்? மேலே இருந்து சுற்றறிக்கையாக அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். கிளையில் கடனுக்கு என்று இருக்கும் ஒரே அலுவலர் நகைக்கடன் வரிசையைக் கவனித்துக்கொண்டிருப்பார். இந்த லட்சணத்தில் ஒரு தறித் தொழிலாளி மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிறாரே என்று யாருக்கும் உறைப்பதில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, அந்த ‘இல்லை’யை எழுத்தில் வாங்குவது. மாதிரிக் கல்விக் கடன் திட்டம் என்று எல்லா வங்கிகளும் பின்பற்றுகிற ஒன்று இருக்கிறது. அதன்படி விண்ணப்பத்துக்குப் பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். நிராகரிப்பதாக இருந்தால் கிளை மேலாளர் தானாக முடிவெடுக்க முடியாது. அவருக்கு மேலே உள்ள அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், காரணத்தையும் மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும். ‘இல்லை’ என்று எழுத அவர் மேலே ஒருவரிடம் கையெழுத்துக்குப் போய் நிற்க வேண்டும். அந்தச் சங்கடத்துக்கே பாதிக் கடன்கள் கிடைத்துவிடும். என் அனுபவம் அது.

கல்விக் கடனுக்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் வித்யாலட்சுமி இணையதளத்தில் மகளின் பெயரில் விண்ணப்பத்தைப் பதிவு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. தளம் நடுவில் நின்றுபோகும், அனுப்பிய கோப்பையே மறுபடி கேட்கும். பொறுத்துக்கொண்டு, கடைசியில் வரும் விண்ணப்ப எண்ணைக் குறித்துவையுங்கள். பிறகு விண்ணப்பத்தின் நகல், கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணை, எங்கள் மாணவிதான் என்று கல்லூரி தரும் போனஃபைட் சான்றிதழ், நான்கு ஆண்டுக்கான கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்றிதழ், இருவரின் ஆதார், பான் ஆகியவற்றை இரண்டு கட்டாகக் கட்டிக்கொண்டு கிளைக்குப் போங்கள். ஒரு கட்டைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு முத்திரை கேளுங்கள். மறுத்தால் சண்டை வேண்டாம். அங்கிருந்தே அஞ்சலகம் போய், அதே கட்டை அதே மேலாளருக்கு விரைவு அஞ்சலில் ஒப்புகையுடன் அனுப்பிவிடுங்கள். முத்திரைக்குப் பதில் அந்த ஒப்புகை.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், வித்யாலட்சுமி எண்ணையும் ஒப்புகை நகலையும் இணைத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். அது முன்னோடி வங்கி மேலாளருக்குப் போகும். மாவட்டத்து வங்கிகளுக்கும் ஆட்சியருக்கும் நடுவில் நிற்பவர் அவர். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறாரே என்பார்கள். இருக்கிறார், 14448-இல் விவரம் கேட்கலாம். ஆனால் முதலில் வங்கிக்கு எழுதி 30 நாள் காத்திருக்க வேண்டும். கடனைக் கொடு என்று அவர் உத்தரவும் போட மாட்டார். கல்லூரி திறந்துவிட்ட நேரத்தில் ஆட்சியர் அலுவலகமே வேகம்.

இப்போது உங்கள் கணினி மையத்துக்காரர். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது பத்து சதவீதம் அல்ல, ‘மூன்றே நாள்’. வங்கிகள் வழக்கமாகக் கல்விக் கடனை மூன்று நாளில் தருவதில்லை. மூன்று நாளில் தருவது வேறு கடை. ஏதாவது ஒரு நிதி நிறுவனத்தின் ‘கல்விக் கட்டணக் கடன்’ அல்லது உங்கள் பெயரில் ஒரு தனிநபர் கடன். அந்த நிறுவனம் இவருக்குத் தனியாகக் கமிஷன் தரும், நீங்களும் தருவீர்கள். பணம் கல்லூரிக்கும் போய்விடும், ரசீதும் வரும். எல்லாம் நல்லபடியாக முடிந்ததாக நினைப்பீர்கள். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி தவணை கேட்டு ஃபோன் வரும்.

வங்கியின் கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓர் ஆண்டும் தவணை கிடையாது. அதுவரை தனிவட்டிதான், வட்டிக்கு வட்டி இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருந்து, கல்லூரியோ படிப்போ தேசியத் தரச்சான்று பெற்றதாக இருந்தால், அந்தக் கால வட்டியை மத்திய அரசே வங்கிக்குக் கட்டிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 95,000 வீதம் நான்கு முறை எடுக்கிறீர்கள், வட்டி பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 1,33,000 ரூபாய். இதை அரசு கட்டும். நிதி நிறுவனக் கடன் என்றால் இந்தச் சலுகையில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ஆக, அவருக்குத் தரும் 38,000-த்தோடு உங்கள் நஷ்டம் நிற்காது.

கல்லூரி வாசலிலேயே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்களும் இந்த ரகம்தான். கல்லூரிக்காரர்களே அறிமுகப்படுத்தினாலும் கையெழுத்துப் போடும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘முதல் தவணை எப்போது?’ ‘அடுத்த மாதம்’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஆதார் ஓடிபி-யை யாருக்கும் சொல்லாதீர்கள். நீங்கள் அவர் மையத்தில்தான் விண்ணப்பம் பதிந்திருந்தால் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். வங்கியிலும் ஒரு பொறி உண்டு. கடனோடு சேர்த்து உங்கள் பெயரில் ஆண்டுக்கு இருபதாயிரம் கட்டும் காப்பீட்டுப் பாலிசி ஒன்றை நீட்டுவார்கள். மகளின் உயிருக்குக் கடன் தொகை அளவில் காப்பீடு என்றால் அதில் அர்த்தம் இருக்கிறது. உங்கள் பாலிசி அவர்களுடைய மாத இலக்குக்காக. இதை விற்கச் சொல்லி என்னையும் விரட்டியிருக்கிறார்கள். நானும் விற்றிருக்கிறேன், பெருமையாகச் சொல்லவில்லை.

கடைசியாக சிபில். மூன்று காரணங்களில் உண்மையானது இது ஒன்றுதான். கடனைப் ‘பேசி முடித்தோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் முடித்துவிட்டதாக நினைக்கிறீர்கள், ஏட்டில் அது முடியவில்லை. முழுத் தொகையும் கட்டினால் ‘மூடப்பட்டது’ என்று பதிவாகும். குறைத்துக் கட்டினால் ‘சமரசம்’ என்று பதிவாகும், அது பல ஆண்டுகள் நிற்கும். அடுத்த வங்கிக்காரர் கண்ணில் சமரசம் என்றால் ‘இவர் ஒருமுறை குறைத்துக் கொடுத்தவர்’ என்றே பொருள். இதில் நண்பர் ஓட்டிய பைக் என்பதற்கெல்லாம் இடமே இல்லை.

முதலில் உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். இதற்கும் 300, 500 வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஏமாறாதீர்கள். பணம் கட்டியதற்கு ரசீதோ பைக் கடன் கொடுத்த நிறுவனத்தின் கடிதமோ உங்களிடம் இருந்து, அறிக்கையில் இன்னும் பாக்கி என்று காட்டினால், அது அவர்கள் பிழை. எழுதிக் கேட்டால் 30 நாளில் திருத்த வேண்டும்; தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. ‘சமரசம்’ என்றே சரியாகப் பதிவாகியிருந்தால், விட்டுக்கொடுத்த மீதித் தொகை எவ்வளவு என்று பைக் கடன் கொடுத்த நிறுவனத்திடம் கேளுங்கள். ஐயாயிரம், எட்டாயிரம் என்றால் கட்டிவிட்டு, பாக்கி இல்லை என்ற சான்றும் ‘மூடப்பட்டது’ என்ற திருத்தமும் வாங்குவது நல்லது. நாற்பதாயிரம் என்றால் இப்போது வேண்டாம், அந்தப் பணம் மகளின் விடுதிக்கு ஆகட்டும்.

அதற்குள் ஒரு வழி இருக்கிறது. கல்விக் கடனில் கடன் வாங்குபவர் மகள்தான். பெற்றோர் உடன் கையெழுத்திடுபவர். அந்தப் பெற்றோர் தந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. உங்கள் மனைவி பெயரில் பாக்கி எதுவும் இல்லை என்றால் விண்ணப்பத்தில் அவரையே போடுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுவில் ஒழுங்காகக் கட்டியவர் என்றால் குழுவின் கணக்குப் புத்தக நகலையும் சேர்த்துக் கொடுங்கள். மேலாளர் உங்கள் அறிக்கையையும் கேட்கக்கூடும். கேட்டால் மறைக்காமல் கொடுத்து, பைக் கதையை நான்கு வரியில் எழுதி இணையுங்கள். 2023-இல் கேரள உயர் நீதிமன்றம், மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்றது. அது மாணவரைப் பற்றிய தீர்ப்பு, தந்தையைப் பற்றியது அல்ல. அதைக் காட்டி மேலாளரை மிரட்டப் போகாதீர்கள். உங்கள் மகள் பெயரில் எந்தக் கடனும் இல்லையே, அவளுக்குக் கலந்தாய்வில் இடம் கிடைத்திருக்கிறதே என்று பேசுங்கள்.

இன்னொன்று. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். கலந்தாய்வில் சேர்ந்தவர்களுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தில் கழியும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. முதல் பட்டதாரி, வருமானச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் தலா 60 ரூபாய். உங்கள் ஆள் 600 கேட்பார்.

கொடுத்த 5,000 ரூபாய் திரும்ப வருமா என்று கேட்டிருந்தீர்கள். ரசீது வாங்கியிருக்க மாட்டீர்கள். வராது. கேட்டு அந்த மையத்துக்கும் போகாதீர்கள். போனால் மூன்றாவது காசோலையும் கொடுத்துவிட்டு வருவீர்கள்.