சாயம் கலந்த நொய்யல்

கேள்வி: உலகமயத்தால் நம்மைப் போன்ற நாடுகளுக்கு லாபமா, நஷ்டமா? – ஈரோடு வாசகர்

பதில்: திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் செக்கிங் மேசையில் நின்றவள் நான். இவ்வளவு துணிதான் வாங்குவோம் என்று பணக்கார நாடுகள் வரம்பு வைத்திருந்த ஏற்றுமதி கோட்டா முறை 2005-இல் முடிந்ததும் ஆர்டர்கள் வந்தபடி இருந்தன. அந்தச் சனிக்கிழமைச் சம்பளத்தில்தான் தங்கையைப் படிக்க வைத்தேன். சரி, சாயத் தண்ணீர் எங்கே போனது? நொய்யல் ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அணைக்குக் கீழே சித்தப்பா தோட்டத்துக் கிணறு உப்பேறி, தென்னை மட்டைகள் காய்ந்து தொங்கின. வாளியில் மொண்ட தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் சுத்திகரிப்பில் கண்டிப்பு வந்தது. அந்தச் சுத்திகரிப்புச் செலவையும் சட்டைக்கு விலை பேசும்போதே வெளிநாட்டுக் கம்பெனிகள் ஏற்க வேண்டும். சித்தப்பாவின் கிணற்றுக்கு இதுவரை யாரும் விலை பேசவில்லை.