நாவலுக்கான ஆய்வை எந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் திருத்த உட்காருவீர்கள்?

"பழைய காலத்தில் நடக்கும் நாவல் ஒன்று எழுதுகிறேன். குறிப்புகள் சேர்ந்துகொண்டே போகின்றன. போதும் என்று எப்போது தெரியும்? திருத்தும்போது எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கோடை முழுக்க நானும் இதே கேள்வியோடுதான் கிடந்தேன். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் பாதி வரை எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், பள்ளியில் தமிழ் ஆசிரியை. தொடர்ந்து எழுத எனக்குக் கிடைப்பது கோடை விடுமுறை ஒன்றுதான். என் நாவல் 1942 ஏப்ரலில், ராயபுரத்தில் நடக்கிறது. அந்த வருஷம் பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5 அன்று கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே நம்பியது. அவசிய வேலை இல்லாதவர்கள் வெளியூர் போய்விடுங்கள் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. தெருத்தெருவாக வீடுகள் பூட்டப்பட்டன. ஆனால் ஜப்பான்காரன் வந்து இறங்கவில்லை. அடுத்த வருஷம் அக்டோபரில் ஒரு விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனதோடு சரி.

முதல் வரைவு 412 பக்கம் வந்தது. நான்கு வருஷ உழைப்பு. என் தோழி ஒருத்தி மொத்தத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நல்லாத்தான் இருக்குடி. ஆனா ஊரை விட்டு ஓடறவங்க எல்லாரும் இதுல பைத்தியக்காரங்க மாதிரி தெரியறாங்களே, ஏன்?"

ரெண்டு நாள் அவளோடு பேசவில்லை. அப்புறம் 37-ஆம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். கதாநாயகியின் அப்பா தையல் மெஷினைக் கைரிக்‌ஷாவில் ஏற்றி, மேலே இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்து, ரயிலடிக்கு ஓடுகிறார். அந்தக் காட்சியை நான் வேடிக்கையாக எழுதியிருந்தேன். ஏனென்றால் ஜப்பான்காரன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதருக்குத் தெரியாது. அவரிடம் இருந்த ஒரே சொத்து அந்த மெஷின். குண்டு விழுந்தாலும் அரக்கோணத்தில் போய் நாலு ரவிக்கை தைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போடலாம் என்று கணக்குப் போட்டவர் அவர். அவரைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

ஆய்வு செய்கிறவர்களுக்கு வரும் பெரிய ஆபத்து இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். நமக்கு முடிவு தெரிந்துவிடுகிறது. அது வாக்கியத்துக்கு வாக்கியம் கசிகிறது. என் ஆட்கள் 1942-லேயே "இரண்டாம் உலகப் போர்" என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெருவில் யார் அப்படிப் பேசியிருப்பார்கள்? "சண்டை" என்றிருப்பார்கள், படித்தவர்கள் "யுத்தம்" என்றிருப்பார்கள். ஏப்ரல் மாத அத்தியாயம் ஒன்றில் ஒருவர், ஆகஸ்டில்தான் பிறந்த "வெள்ளையனே வெளியேறு" கோஷத்தின் சாயலில் பேசுகிறார். யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்தான். ஆனாலும் அது பொய்.

அதனால் இந்தக் கோடையில் தேடும் முறையையே மாற்றினேன். என்ன நடந்தது என்று தேடுவதை விட்டேன். இந்தத் தேதியில், இந்தத் தெருவில், யாருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று மட்டும் தேடினேன். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் பென்சிலால் தேதியை எழுதி, அதன் கீழே "இன்று இவளுக்குத் தெரிந்தது" என்று நாலு வரி எழுதினேன். ரேடியோ இருக்கும் வீடு எது, பத்திரிகை எத்தனை மணிக்கு வரும், அதைப் படித்துச் சொல்கிறவர் யார், துறைமுகத்தில் வேலை செய்கிற மாமன் ராத்திரி என்ன சேதி கொண்டுவருவான் என்று.

இதற்காக மெட்ரோ பிடித்து எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் பல நாள் போனேன். பழைய தினசரிகளைப் புரட்டும்போது தலைப்புச் செய்தியைவிடக் கடைசிப் பக்கங்கள்தான் எனக்கு உதவின. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடைகளிலும் அலைந்தேன். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு அங்கே குடியேறிய கடைகள். அந்தக் காலத்து வாரப் பத்திரிகை நான்கு கிடைத்தது. ஒன்றில் அட்டையே இல்லை. ஆனால் தலைவலித் தைல விளம்பரமும் தொடர்கதையும் வழக்கம்போல ஓடுகின்றன. ஊர் காலியாகிக்கொண்டிருக்கும்போதும் யாரோ ஒருவர் தொடர்கதையின் அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். இது எனக்கு ஒரு முழு அத்தியாயத்தைக் கொடுத்தது.

கிடைக்காமல் போனதும் உண்டு. ஒரு பழைய பள்ளியில் 1942 ஏப்ரல் வருகைப் பதிவேட்டைத் தேடி மூன்று முறை போனேன். எந்தப் பிள்ளை எந்தத் தேதியிலிருந்து வரவில்லை என்று பார்த்தால், ஒரு தெரு எப்படிக் காலியானது என்று நாள் நாளாகத் தெரிந்துவிடும். மூன்றாவது முறை, எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். தினமும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவள் நான். அன்று வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

ஓடியவர்கள் ஏன் ஓடினார்கள் என்பதற்கான பதில் 1942-இல் இல்லை, 1914-இல் இருந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் கடலுக்கு வந்து குண்டு வீசியது. துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்ற மதிலில் அதற்கான கல்வெட்டை இன்றும் பார்க்கலாம். "அவன் பெரிய எம்டன்" என்று இன்றைக்கும் பேசுகிறோமே, அந்தக் கப்பல்தான். கணக்குப் போட்டால் 28 வருஷம். அப்போது பத்து வயதில் எண்ணெய் எரிந்ததை ராயபுரத்துத் திண்ணையிலிருந்து பார்த்த சிறுமி, 1942-இல் 38 வயது அம்மா. அவளிடம் போய் "கடலிலிருந்து குண்டு வராது, பயப்படாதே" என்று யாரால் சொல்ல முடியும்? என் கதாநாயகியின் அம்மாவை அந்தச் சிறுமியாக மாற்றினேன். அந்த ஒரு மாற்றத்தில் 37-ஆம் பக்கம் தானாகவே திரும்பிக்கொண்டது. தையல் மெஷின் அப்படியேதான் இருக்கிறது, கைரிக்‌ஷாவும் இருக்கிறது. இப்போது படித்தால் சிரிப்பு வரவில்லை.

அடுத்து காசிமேடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மற்ற மாதங்களில் அங்கே யாரையும் நிறுத்திப் பேசமுடியாது. தடைக்காலத்தில் வலை பழுது பார்த்துக்கொண்டு, படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டு இருப்பார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் பேசுவார்கள். அப்படிப் பழக்கமான ஒரு அண்ணன்தான் தன் ஆயாவிடம் அழைத்துப் போனார். வயது 91. சண்டை சமயத்தில் எட்டு வயதுப் பெண்.

முதல் நாள் நான் தப்பான கேள்விகளாகவே கேட்டேன். "கவர்னர் அறிவிப்பு வந்தப்ப என்ன ஆச்சு ஆயா?" என்றேன். ஆயா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் வாயை மூடிக்கொண்டு கூடவே பூண்டு உரித்தேன். அன்றைக்குத்தான் பேசினார்.

"மெத்த வூட்டுக்காரங்க ஓடினாங்க கண்ணு. கடல வுட்டுட்டு நாங்க எங்க போறது? எங்கம்மா என் பாவாட முடிச்சில ரெண்டணா முடிஞ்சி வுட்டாங்க. குண்டு வுழுந்து நாம பிரிஞ்சிட்டா, கால்வா ஓரமா போயி யாராவது படகுக்காரன்கிட்ட காச குடுத்து பழவேற்காட்டு அத்த வூட்டுக்குப் போயிடுன்னாங்க."

நான் அன்றுவரை எல்லோரையும் ரயிலில்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். ராயபுரம் ஸ்டேஷன் 1856-இல் தெற்கின் முதல் ரயில் கிளம்பிய இடம், அதனால் எனக்கு அதன் மேல் ஒரு மோகம். பக்கிங்ஹாம் கால்வாய் நினைவுக்கே வரவில்லை. இன்று அதைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம், இல்லையா? அப்போது அது வழி. உப்பும் விறகும் அதில்தான் வந்தன. படகில் வந்த உப்பைச் சேர்த்து வைத்த கொட்டாரங்களின் பெயர்தான் இன்னும் சால்ட் கொட்டார்ஸ் என்று நிற்கிறது. எட்டு வயதுப் பெண்ணுக்கு ரயில் டிக்கெட் எடுக்கத் தெரியாது, கால்வாய் ஓரமாக நடக்கத் தெரியும். அவள் அம்மா எவ்வளவு யோசித்திருக்கிறாள்!

"சரி ஆயா, அந்தச் சமயத்துல நீங்க தினம் என்ன செஞ்சீங்க?" என்றேன். "கருவாட்டுக்குக் காக்கா வெரட்டுனேன்" என்றார்.

அன்று ராத்திரி சங்கப் பாடல்களில் நெய்தல் திணையை எடுத்து மறுபடி படித்தேன். கோடையில் நான் படித்தவற்றில் ஆய்வுக்காக இல்லாமல் படித்தது அது ஒன்றுதான். கத்திரி வெயில், மின்விசிறி சூட்டைத்தான் வீசுகிறது, மொட்டைமாடியில் பாய் போட்டு விளக்கு வெளிச்சத்தில் படிப்பேன். அந்தப் பாடல்களில் பரதவர் பெண்கள் காயவைத்த மீனுக்குப் பறவை ஓட்டுகிறார்கள். வகுப்பில் எத்தனையோ தடவை 'புள் ஓப்புதல்' என்று பொருள் சொல்லியிருக்கிறேன். பக்கத்துத் தெருவில் அதே வேலையைச் செய்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நாவலின் முதல் காட்சி அங்கேதான் கிடைத்தது. கிழக்கே கடலில் ஏதோ கப்பல் வருகிறது என்று ஊரே பார்க்கிறது. ஒரு சிறுமி மட்டும் காக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எதை எடுப்பது என்று கேட்டீர்களே. எனக்கு மிகவும் பிடித்த 22 பக்கத்தை எடுத்தேன். அப்போது மிருகக்காட்சிசாலை சென்ட்ரலுக்குப் பக்கத்தில், பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்தது. வண்டலூருக்குப் போனது 1985-இல்தான். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்ற பயத்தில், 1942 ஏப்ரலில் அங்கிருந்த சிங்கம், புலி போன்ற ஆபத்தான விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். அதை முழு அத்தியாயமாக எழுதியிருந்தேன். எழுதும்போது அழுதேன். ஆனால் ராயபுரத்தில் இருக்கும் என் பெண் அதைப் பார்த்திருக்க வழியே இல்லை. நான் அவளைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே நிறுத்தியிருந்தேன். இப்போது அந்த இடத்தில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. புளியந்தோப்பிலிருந்து மிருகங்களுக்கு இறைச்சி ஏற்றிப் போகும் வண்டிக்காரர் ஒருவரை உண்டாக்கினேன். ஒரு காலை அவர் வண்டியைப் பூட்டாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், "இனிமே வேணாம்னுட்டாங்க" என்கிறார். அவ்வளவுதான். எடுத்த பக்கங்களை வேறு கோப்பில் பத்திரமாக வைத்திருக்கிறேன், அழிக்க மனசு வரவில்லை.

எப்போது போதும்? எனக்கு அது மே மாதக் கடைசி வாரத்தில் தெரிந்தது. அதுவரை ஒரு புதுக் குறிப்பு கிடைத்தால், இது அம்மாவுக்கு, இது வண்டிக்காரருக்கு என்று உடனே ஓர் ஆள் கைக்குப் போய்விடும். அன்று துறைமுகத்தைப் பற்றி ஒரு நீளமான அட்டவணை கிடைத்தது. ஒரு மணி நேரம் உற்சாகமாக நகல் எடுத்தேன். அப்புறம் யாருக்குக் கொடுப்பது என்று யோசித்தால் ஒருவர்கூட இல்லை. அது எனக்கு மட்டுமே வேண்டியிருந்தது. குறிப்பேட்டை மூடிவிட்டு, சாயங்காலக் கடல்காற்றில் எம்.சி. ரோடு வரை நடந்து போய் ஒரு நன்னாரி சர்பத் குடித்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையிலிருந்து திருத்தம் மட்டும்தான். விடியற்காலை நாலரைக்கு எழுந்தால் வெயில் ஏறுவதற்குள் ஆறு பக்கம் முடியும். சத்தமாகப் படித்துத்தான் திருத்துவேன். வாயில் தடுக்குகிற வாக்கியத்தில் பெரும்பாலும் நான் தேடிப் படித்த ஏதோ ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும்.

பள்ளி திறந்துவிட்டது. 412 பக்கம் இப்போது 290-க்கு வந்திருக்கிறது, இன்னும் பதினோரு அத்தியாயம் பாக்கி. தடைக்காலம் முடிவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போய் ஆயாவுக்கு முதல் காட்சியைப் படித்துக் காட்டினேன். வீட்டில் எல்லோரும் ஐஸ் பெட்டியும் டீசலும் ஏற்றும் பரபரப்பில் இருந்தார்கள். ஆயா கண்ணை மூடிக்கொண்டு முழுசும் கேட்டார். ரெண்டணா வந்த இடத்தில் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முடித்ததும், "எல்லாம் சரி கண்ணு, கல்லெடுத்து அடிக்குதுன்னு எழுதிகீறியே, காக்காவ யாரு கல்லால அடிப்பாங்க? கருவாட்டு மேலதான் கல்லு வுழும். கொம்புல கறுப்புத்துணி கட்டி ஆட்டணும்" என்றார்.

தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.