ஹெட்லைட் வெளிச்சம் மங்கினால் 100 வாட் குமிழ் போடலாமா?

மட்டக்களப்பிலிருந்து அம்பாறைக்கு இரவில் காரோட்ட வெளிச்சம் போதவில்லை, 60/55 வாட் (தூர வெளிச்சத்துக்கு 60, கிட்ட வெளிச்சத்துக்கு 55) எச்4 வகை ஹலோஜன் குமிழுக்குப் பதிலாக 100 வாட் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்; தயவுசெய்து வேண்டாம், வயரும் சொக்கட்டும் உருகக்கூடும். ஹலோஜன் குமிழின் டங்ஸ்டன் இழை சூட்டில் மெல்ல ஆவியாகி மெலிய, அதன் மின்தடை கூடுவதால், எரிந்துபோகும் முன்பே ஒளி மங்கிவிடுகிறது. ஆனால் முதலில் குமிழுக்குப் போகும் மின் இணைப்புகளைப் பாருங்கள்: கல்லடி போன்ற கரையோரத்தில் நிற்கும் வாகனங்களில் உப்புக்காற்றால் இணைப்புகள் அரித்துப் பச்சை பூத்துவிடும், அதனால் குமிழுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் குறையும்; மின்னழுத்தம் 5 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ 16 சதவீதம் குறையும். யானைகள் குறுக்கிடும் வீதியில் அது பெரிய இழப்பு. சுத்தம் செய்தபின், அதே வாட் அளவில் இரு குமிழ்களையும் ஒன்றாக மாற்றுங்கள். குமிழின் கண்ணாடியில் மட்டும் விரல் படவேண்டாம், விரலின் எண்ணெய் பட்ட இடம் மிகையாகச் சூடேறிக் குமிழின் ஆயுளைக் குறைக்கும்.