அமெரிக்காவின் முதல் காங்கிரஸ் கூடியது 1789 மார்ச் 4-ஆ, ஏப்ரல் 1-ஆ? புத்தகத்துக்குப் புத்தகம் தேதி மாறுகிறதே, எது சரி?

இரண்டும் சரி. ஏப்ரல் 6 என்று எங்காவது பார்த்தால் அதுவும் தப்பில்லை. எல்லாம் கோரம் (quorum), அதாவது சபை நடக்கக் குறைந்தபட்சம் வர வேண்டிய உறுப்பினர் எண்ணிக்கை, செய்த வேலை.

மார்ச் 4 என்பது, புதிய அரசியல் சட்டத்துக்கு முன்பிருந்த பழைய கூட்டமைப்பின் காங்கிரஸ் குறித்துக் கொடுத்த நாள். அன்று நியூயார்க் ஃபெடரல் ஹாலுக்கு வந்து சேர்ந்தவர்கள் காங்கிரஸின் ஓர் அவையான பிரதிநிதிகள் சபையில் 13 பேர், மற்றோர் அவையான செனட்டில் 8 பேர். அரசியல் சட்டத்தை அதுவரை ஏற்றிருந்த 11 மாநிலங்களுக்கு 59 பிரதிநிதிகள், 22 செனட்டர்கள். பாதிக்கு மேல் வேண்டும் என்றால் 30 பேர், 12 பேர்.

வராதவர்களை வரவழைக்கும் அதிகாரம் அரசியல் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் எப்படி வரவழைப்பது, என்ன தண்டனை என்பதற்குச் சபைதான் விதி போட வேண்டும். விதி போடவே கோரம் வேண்டும்! ஆகவே அந்த எட்டு செனட்டர்களும் மார்ச் 11-இலும் 18-இலும் கடிதம் எழுதிவிட்டு, தினமும் கூடிக் கலைந்தார்கள். மோசமான சாலைகள் ஒரு காரணம், தாமதமாக நடந்த தேர்தல்கள் இன்னொன்று. நியூயார்க் மாநிலம் ஜூலை வரை தன் செனட்டர்களையே தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் அந்த 2 இடங்களும் 22-இல் சேர்த்தி.

ஏப்ரல் 1 அன்று பிரதிநிதிகள் சபையில் 30 பேர் சேர்ந்ததும் ஃபிரடெரிக் மூலன்பெர்க் சபாநாயகரானார். செனட்டில் 12-ஆவது ஆளாக வர்ஜீனியாவின் ரிச்சர்ட் ஹென்றி லீ வந்தது ஏப்ரல் 6-இல். அதற்குப் பிறகுதான், பிப்ரவரி 4 அன்றே போட்டு முடித்திருந்த குடியரசுத் தலைவர் தேர்தல் வாக்குகளைப் பிரித்து எண்ண முடிந்தது. இரு அவைகள் முன்னிலையில்தான் பிரிக்க வேண்டும் என்பது சட்டம். வாஷிங்டனுக்கு 69 வாக்கு. செய்தி அவர் வீடான மவுண்ட் வெர்னன் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 14, பதவியேற்பு ஏப்ரல் 30.

இந்தத் தாமதத்தால் பெரிய நஷ்டம் கஜானாவுக்கு. வசந்தகாலச் சரக்குக் கப்பல்களைப் பிடித்துவிட வேண்டும் என்று பிரதிநிதி ஜேம்ஸ் மேடிசன் ஏப்ரல் 8 அன்றே இறக்குமதி வரி யோசனையைச் சபையில் முன்வைத்தார். சட்டமானது ஜூலை 4, நடைமுறைக்கு வந்தது ஆகஸ்ட் 1. அதற்குள் சரக்கு இறங்கிவிட்டது. நாளுக்கு ஆயிரம் பவுண்டு போகிறது என்று மாசசூசெட்ஸ் பிரதிநிதி ஃபிஷர் ஏம்ஸ் மார்ச்சிலேயே கடிதத்தில் புலம்பியிருந்தார்.

பதவிக்காலம் எழுதுகிறீர்கள் என்றால் மார்ச் 4 போடுங்கள்; அந்த காங்கிரஸ் முடிந்தது 1791 மார்ச் 3 என்ற கணக்கு அதிலிருந்துதான். அலுவல் தொடங்கிய நாள் என்றால் அவைவாரியாக ஏப்ரல் 1, ஏப்ரல் 6. விவாதங்களைத் தேடுவதானால் ஒரு சிக்கல் உண்டு: செனட் 1795 வரை கதவைச் சாத்திக்கொண்டே கூடியது. அங்கே யார் என்ன பேசினார்கள் என்பதற்குப் பென்சில்வேனியா செனட்டர் வில்லியம் மக்லேயின் நாட்குறிப்பைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருக்கும்.