பதில்: டிவியைப் பார்த்து ஆல்-இன் போடுகிறேன், முதல் ஆளாக வெளியே போகிறேன்

தம்பி, காரைக்குடி கல்யாண வீட்டுப் பட்டாலையில் புளியங்கொட்டையை வைத்துப் பங்காளிகளோடு போக்கர் ஆடி, டிவியில் பார்த்ததுபோல் ஆல்-இன் (கையில் இருப்பதை எல்லாம் ஒரே பந்தயமாகத் தள்ளுவது) போட்டு, நாலாவது கையிலேயே, அதாவது நாலாவது சுற்றிலேயே, எல்லாம் போய் எழுந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள்.

டிவியில் காட்டுவது பல மணி நேர ஆட்டத்தில் வெட்டி எடுத்த சில கைகள். சீட்டைப் போட்டு விலகிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதை யார் காட்டுவார்? அப்புறம், அங்கே கண்ணை மூடிக்கொண்டு தள்ளுவதுபோல் தெரிவது பெரும்பாலும் பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே போட வேண்டிய கட்டாயப் பந்தயம்) ஏறி, கையில் பத்துப் பதினைந்து பெரிய பிளைண்ட் மட்டும் மிஞ்சும்போது. எதிராளி பயந்து விலகினாலே லாபம். உங்கள் பெரியப்பா மகன் விலகுகிற ஆளா? புளியங்கொட்டைதானே என்று எந்தப் பந்தயத்துக்கும் ஈடு போட்டுவிடுவார். அவரிடம் உதார் செல்லாது.

கணக்கையும் பாருங்கள். இரண்டு ஏஸ் இருந்தாலும், ஏதோ ஒரு கைக்கு எதிராக ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 85 சதவீதம்தான். ஏஸ்-ராஜா, இரண்டு ராணிக்கு எதிரே பாதிக்கும் கீழே. 80 சதவீத வாய்ப்புள்ள ஆல்-இன்னை ஐந்து முறை தொடர்ந்து ஜெயிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குதான்.

100 பிளைண்ட் இருக்கும்போது நல்ல சீட்டு வந்தால் பந்தயத்தை மூன்று பிளைண்டுக்கு மட்டும் ஏற்றுங்கள். அண்ணன் எப்படியும் கூட வருவார், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம். பத்து பிளைண்டுக்குக் கீழே இறங்கினால் தள்ளுங்கள், அதுவும் உங்களுக்கு முன்னால் யாரும் ஏற்றாதபோது.