நோட்டுல இருக்கு, வாயில வரமாட்டேங்குது: இங்கிலீஷ் கேள்வி பதில்

கே: சார், பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறேன். தினமும் 50 இங்கிலீஷ் வார்த்தை, பக்கத்துலயே தமிழ் அர்த்தம்னு எழுதி மனப்பாடம் பண்றேன், ரெண்டு நோட்டு முடிஞ்சிருச்சு. ஆனா ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா பாதிக்கு மேல காணோம். போன மாசம் கோச்சிங் கிளாஸ்ல மாக் இன்டர்வியூ, எங்க ஸ்கூல் ஹெச்.எம் ஊர்லயே ரொம்ப நொடோரியஸ்னு பெருமையா சொன்னேன், மொத்த கிளாஸும் சிரிச்சிருச்சு. நோட்டுல 'பேர் போன'ன்னுதானே எழுதியிருக்கேன், எங்க தப்பு?
– ஒரு வாசகி, தென்காசி

ப: உங்க மேல தப்பே இல்லம்மா, நோட்டு மேலதான். நாம மல்லிக்குப் பேர் போன ஊர்னும் சொல்வோம், பிக்பாக்கெட்டுக்குப் பேர் போன பஸ் ஸ்டாண்டுனும் சொல்வோம், ரெண்டுக்கும் ஒரே வார்த்தை ஓடிரும். இங்கிலீஷ்ல நல்லதுக்குப் பேர் வாங்குனா ஃபேமஸ், கெட்டதுக்கு வாங்குனா நொடோரியஸ். ஒத்தை வரி தமிழ் அர்த்தத்துல இது தெரியாது, அந்த வார்த்தை யார்கூட சேர்ந்து சுத்துதுன்னு பாத்தாத்தான் தெரியும். நொடோரியஸ் கிரிமினல், நொடோரியஸ் ஸ்மக்ளர்னு பக்கத்துல ரெண்டு உதாரணம் எழுதியிருந்தீங்கன்னா பாவம் உங்க ஹெச்.எம் தப்பிச்சிருப்பாரு. இதே மாதிரிதான் ஃப்ரூகலும் ஸ்டிஞ்சியும், ரெண்டுமே காசை இறுக்கிப் பிடிக்கிறதுதான், ஆனா வந்த கவரையே பிரிச்சு உள்பக்கத்துல எழுதுன காந்தி ஃப்ரூகல், பந்தியில அப்பளத்தை எண்ணி வைக்கச் சொல்ற மாமா ஸ்டிஞ்சி.

மறதிக்கு வர்றேன். எப்பிங்ஹவுஸ்னு ஒரு ஜெர்மன்காரர், அர்த்தமே இல்லாத அசைகளை தானே உக்காந்து மனப்பாடம் பண்ணி, எத்தனை மணி நேரத்துல எவ்வளவு மறக்குதுன்னு தன்னையே சோதிச்சு 1885ல எழுதி வெளியிட்டாரு. முதல் நாளுக்குள்ளயே பெரும்பகுதி போயிருது, மிச்சம் இருக்கிறது மெதுவாத்தான் கரையுது. அவர் படிச்சது அர்த்தமில்லாத அசைங்கிறத கவனிங்க, வாக்கியம் இல்லாம நீங்க விழுங்குற 50 வார்த்தையும் மண்டைக்கு கிட்டத்தட்ட அதே கதைதான்.

அதனால 50ஐ எட்டாக் குறைங்க. வீட்டுல பழைய கல்யாணப் பத்திரிகை கட்டா கிடக்கும்ல, அதை வெட்டி அட்டையாக்கி, ஒரு பக்கம் வாக்கியம், வார்த்தை வர்ற இடத்துல கோடு, பின்னாடி வார்த்தையும் அர்த்தமும். மூணு ஸ்வீட் டப்பா எடுத்துக்கோங்க. முதல் டப்பாவை தினமும், ரெண்டாவதை மூணு நாளுக்கு ஒருக்கா, மூணாவதை வாரம் ஒருக்கா பாக்கணும், சரியா சொன்னா அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும், தப்பா சொன்னா எந்த டப்பால இருந்தாலும் மறுபடி ஒண்ணாம் டப்பா. லைட்னர்னு ஒருத்தர் 1972ல சொன்ன முறை இது, இன்னைக்கு ஃபோன்ல இருக்கிற ஃபிளாஷ்கார்டு ஆப் பலதுலயும் ஓடுறது இதே யோசனைதான். டிக்‌ஷனரி உதாரணத்தைப் படிச்சதுக்கப்புறம் உங்க வீட்டை வச்சு ஒரு வாக்கியம் சொந்தமா எழுதுங்க. மெடிகுலஸ்னா ஒவ்வொரு சின்ன விஷயத்தையும் உன்னிப்பா பாத்து செய்யறவங்க, சரி, கோலத்துல ஒரு புள்ளி தள்ளிப்போனாலும் அழிச்சுட்டு மறுபடி போடுற அத்தையை அதுல வச்சிட்டா ஜென்மத்துக்கும் மறக்காது.

கே: இங்கிலீஷ்-தமிழ் டிக்‌ஷனரியா, இங்கிலீஷ்-இங்கிலீஷா, எது வாங்க?
– ஒரு வாசகர், அரியலூர்

ப: வாங்குறதா இருந்தா கத்துக்கிறவங்களுக்குன்னே போட்ட இங்கிலீஷ்-இங்கிலீஷ். சாதா டிக்‌ஷனரில ஒரு கஷ்டமான வார்த்தைக்கு அதைவிட கஷ்டமா ரெண்டு வார்த்தை போட்டிருப்பான், அதைத் தேடிப் போனா திரும்ப முதல் வார்த்தைக்கே கொண்டுவந்து விடுவான். இந்தத் தொல்லைக்கு வழி கண்டவரு டாக்காவுல ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்துன மைக்கேல் வெஸ்ட், எல்லா அர்த்தத்தையும் 1490 வார்த்தைக்குள்ளயே சொல்லி 1935ல ஒரு டிக்‌ஷனரி கொண்டுவந்தாரு. 1978ல வந்த லாங்மேன் டிக்‌ஷனரியும் அர்த்தம் சொல்ல சுமார் 2000 வார்த்தையோட நிறுத்திக்கிச்சு. தமிழ் டிக்‌ஷனரியைத் தூக்கிப் போட வேண்டாம், முதல் தடவை சட்டுனு புரிஞ்சுக்க அது போதும்.

கே: லத்தீன், கிரேக்க வேர்ச்சொல் படிச்சா எல்லா வார்த்தையும் வந்துரும்னு யூடியூப்ல சொல்றாங்களே?
– ஒரு வாசகர், கரூர்

ப: கொஞ்சம் வரும். ஃப்லெக்மாடிக்னா எதுக்கும் பதட்டப்படாத ஆளு, உள்ள இருக்கிற ஃப்லெம் சளி. நம்ம வைத்தியத்துல வாதம் பித்தம் கபம்ங்கிற மாதிரி அந்தக் காலத்து கிரேக்க வைத்தியத்துல ரத்தம், சளி, மஞ்சப் பித்தம், கறுப்புப் பித்தம்னு நாலு, சளி தூக்கலா இருக்கிறவன் மந்தமா அமைதியா இருப்பான்னு நம்புனாங்க. கபம்னு ஒருக்கா பிடிச்சிட்டா நமக்கு இந்த வார்த்தை மறக்கவே மறக்காது. ஆனா வேர் ஞாபகத்துக்குத்தான், அர்த்தத்துக்கு அதை நம்பிறாதீங்க. மெடிகுலஸோட லத்தீன் வேரு மெட்டுஸ், அப்படின்னா பயம். அந்தக் கணக்குல போனா மேல கோலம் போட்டுட்டு இருக்கிற அத்தை பயந்தாங்கொள்ளி ஆயிருவாங்க.