வாசகர் கேள்வி: மிதப்பதை மட்டும் எண்ணினால் போதுமா?

கேள்வி: கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து ஆற்றின் மேல்நீரை ஒரு லிட்டர் பாட்டிலில் மொண்டு, வடிகட்டி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். மூன்று இழைகள்தான் இருந்தன. ஆற்றில் மைக்ரோ பிளாஸ்டிக் (5 மி.மீ.க்கும் சிறிய பிளாஸ்டிக் துகள்) குறைவு என்று அறிக்கை எழுதலாமா?

பதில்: தயவுசெய்து எழுதாதீர்கள். ஒரு லிட்டர் எதற்கும் போதாது. அந்த மூன்று இழைகளும் உங்கள் சட்டையிலிருந்தே உதிர்ந்திருக்கலாம்.

மேல்நீருக்கு 0.3 மி.மீ. கண்ணியுள்ள வலையும், அதன் வாயில் ஓட்டமானியும் (எவ்வளவு தூர நீரோட்டம் வலைக்குள் போனது என்று காட்டும் கருவி) வேண்டும். வலைவாய் 60 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம், மானி காட்டுவது 500 மீட்டர் என்றால் உள்ளே போனது 60 கனமீட்டர் நீர். துணி இழைகள் மெல்லியவை, பாதி நழுவிவிடும். அதனால் எஃகு வாளியில் தனியாகவும் நீர் எடுத்து, இன்னும் நுண்ணிய சல்லடையில் வடிகட்டுங்கள்.

அதைவிட முக்கியம் அடிமண். பிளாஸ்டிக் பைகள் செய்யும் பாலிஎத்திலீன் தண்ணீரைவிட லேசானதுதான். ஆனாலும் பாசி படர்ந்து, களிமண் ஒட்டினால் அமிழ்ந்துவிடும். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் டேம் ஆற்றின் ஓரிடத்தில், ஒரு சதுர மீட்டர் ஆற்றுப்படுகையில் 5 லட்சத்து 17 ஆயிரம் துகள்கள் வரை இருந்தன. 2018-இல் வெளியான ஆய்வு இது. மேல்நீரை மட்டும் மொண்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

மண்ணை உலர்த்திச் சலித்தபின், இலைதழையை அழிக்க பீக்கரில் 0.05 மோலார் (மோலார் என்பது கரைசலின் செறிவு அளவு) ஃபெரஸ் எனும் இரும்பு உப்புக் கரைசல் 20 மி.லி., 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 20 மி.லி. விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து 75 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். குமிழி வந்ததும் இறக்கிவிட வேண்டும். விட்டால் பொங்கி, துகள்களும் சேர்ந்து வழியும். பொங்கினால் காய்ச்சி வடித்த நீரால் தணியுங்கள். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, ஆய்வகத்தின் புகை உறிஞ்சும் கூண்டு இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

பிறகு அந்தக் கலவையில் 20 மி.லி.க்கு 6 கிராம் உப்பு கரைத்தால் லேசான பிளாஸ்டிக் மிதக்கும். பலரும் சறுக்கும் இடம் இதுதான்: உப்புநீரின் அடர்த்தி மி.லி.க்கு சுமார் 1.2 கிராம், பெட் (PET, குடிநீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) துண்டின் அடர்த்தியோ 1.38. அது அடியிலேயே தங்கிவிடும், கணக்கில் வராது. அதற்கு ஜிங்க் குளோரைடு கரைசல் வேண்டும். நச்சுப்பொருள் அது; சாக்கடையில் கொட்டாதீர்கள், வடிகட்டி மறுபடி பயன்படுத்துங்கள்.

பருத்தி மேலங்கி போடுங்கள். வெறும் தூயநீரையும் இதே படிகளில் ஓட்டிப் பாருங்கள். அதில் வரும் இழைகளின் எண்ணிக்கையைச் சொல்லாமல் முடிவை வெளியிட வேண்டாம்.

கேள்வி: வெள்ளம் வந்தால் ஆறு தானே கழுவப்பட்டுவிடும் அல்லவா?

பதில்: படுகை கழுவப்படும். 2015-16 குளிர்கால வெள்ளத்துக்குப் பின் அதே மான்செஸ்டர் ஆறுகளின் படுகையிலிருந்து சுமார் 70 சதவீதத் துகள்கள் அடித்துச் செல்லப்பட்டிருந்தன. அவை அழியவில்லை, கீழ்நோக்கிப் போயின. வறண்ட நாட்களில் சுத்திகரிக்காத கழிவுநீரை விடுவதே படுகையில் துகள் குவிய முக்கியக் காரணம் என்று அதே பகுதியைப் பற்றி 2021-இல் வந்த ஆய்வு காட்டியது. ஓட்டம் குறைந்திருக்கும்போது இழுத்துச் செல்ல விசை இல்லை, படிந்துவிடும். ஆகவே வெள்ளம் வடிந்த கையோடு மண் எடுக்காதீர்கள். நீர் குறைந்த காலத்தில், கழிவுநீர் வாய்க்காலுக்கு மேலேயும் கீழேயும் ஒரே நாளில் எடுங்கள்.